மகன் வீட்டு ஹாலில் படுக்கிறேன். வாடகை வீட்டுக்கு எழுதிப் போடலாமா?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வசிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 66. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் காலை வேலை, மாதம் 950 வெள்ளி. கணவரோடு வாழ்ந்த நாலறை வீட்டை 14 மாதங்களுக்கு முன் விற்றார். வீட்டுக் கடன், மத்திய சேமநிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்புக்கு) திரும்பிப் போனது எல்லாம் கழிந்து கைக்கு வந்த பணத்தில் 90,000 வெள்ளியை மகனிடம் கொடுத்தார். மகன் அதையும் சேர்த்து மறுவிற்பனையில் ஒரு நாலறை வீடு (மூன்று படுக்கையறையும் ஹாலும்) வாங்கினார். வாசகியின் பெயரில் வங்கியில் இப்போது 80,000 வெள்ளி இருக்கிறது. சேமநிதியில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் மகனிடம் இருக்கிறதாம்.

மகன், மருமகள், 13 வயதுப் பேத்தி, 9 வயதுப் பேரன் ஆகியோருடன் இருக்கிறார். மூன்று படுக்கையறைகளும் அவர்களுக்கே சரியாகப் போய்விட, இவர் ஹாலில் படுக்கிறார். பாயும் தலையணையும் பகலில் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். புடவைகள் சாமி மேடைக்குக் கீழே இரண்டு பெட்டிகளில். மகன் பின்னிரவுவரை பந்தாட்டம் பார்ப்பார். இவர் நாலரை மணிக்கு எழ வேண்டும். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

கோவிலில் பழகிய ஒரு தோழி, “அரசாங்க வாடகை வீட்டுக்கு எழுதிப் போடு, நான் மாதம் 33 வெள்ளிதான் கட்டுகிறேன். மகன் துரத்திவிட்டான் என்று சொன்னால்தான் சீக்கிரம் கிடைக்கும்” என்றாராம். தனியாளுக்குத் தர மாட்டார்கள் என்பதால், 63 வயதான, திருமணமாகாத சித்தி மகள் தன் பெயரை மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தொடர்ந்து தன் அண்ணன் வீட்டிலேயே இருப்பார். இன்னொருவர், பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி மகன்மேல் வழக்குப் போடச் சொல்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “ஒரு கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஆசைப்படுவது தப்பா?”

அன்புள்ள அம்மா,

தப்பே இல்லை. குடும்பச் சேவை நிலையத்தில் என் முன்னால் வந்து உட்காரும் அம்மாக்களில் பலர், “எனக்கென்ன குறை, நல்லாத்தான் வச்சிருக்காங்க” என்று தொடங்கி, எழுந்து போகும் நேரத்தில்தான் தூங்க இடமில்லை என்பதைச் சொல்வார்கள். நீங்கள் அதை நேராகவே எழுதிவிட்டீர்கள். மகன் நல்லவராகவே இருக்கட்டும். அப்போதும் உங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு இப்போதைக்கு உங்களுக்குக் கிடைக்காது. பிறகும் கிடைப்பது கடினம். ஆனால் உங்கள் சொந்தப் பணத்திலேயே, உங்கள் பெயரிலேயே ஒரு சின்ன வீடு வாங்க வழியிருக்கிறது. அது உங்கள் கடிதத்தில் எங்குமே வரவில்லை. யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் அது.

அந்தத் தாளில் என்ன இருந்தது?

“மகன் வீடு வாங்கியபோது நானும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்” என்கிறீர்கள். மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து வாழ்வதாக இருந்தால், 30,000 வெள்ளி வரை மானியம் உண்டு. நான்கு கிலோமீட்டருக்குள் தனித்தனியே வாழ்ந்தால் அது 20,000 வெள்ளி. சேர்ந்து வாழ்வதற்கான தொகையை மகன் வாங்கியிருந்தால், நீங்கள் அந்த வீட்டில் குடியிருப்பவராகப் பதிவாகியிருப்பீர்கள். அப்படியென்றால் வீடு வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் நீங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். இடையில் வேறு வீட்டுக்குப் போனால் அந்த மானியத்துக்கே சிக்கல் வரலாம்.

மகன் அந்த மானியத்தை வாங்கினாரா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அவரிடமே கேளுங்கள். அல்லது அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கிளைக்குப் போய், “என் பெயர் எந்த வீட்டில், என்னவாகப் பதிவாகியிருக்கிறது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்வரை, யார் என்ன விண்ணப்பத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம். மானியம் வாங்கியிருந்தாலும் பதற வேண்டாம். ஐந்தில் ஓர் ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது. புதிய வீட்டுக்கு எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒத்துப்போகிற மாதிரி திட்டமிட முடியுமா என்று கழகத்தில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகை வீடு: தோழி சொன்னதும் விதி சொல்வதும்

வீவகவிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் இருக்கின்றன. வேறு போக்கிடமே இல்லாதவர்களுக்காக வைத்திருப்பவை. குடும்ப வருமானம் பொதுவாக மாதம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். உங்கள் வருமானம் அதற்குள்தான் வருகிறது. ஆனால் வருமானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை.

வீட்டை விற்றவர்கள், விற்ற நாளிலிருந்து 30 மாதங்கள் கழித்தே வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இன்னும் 16 மாதங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு போனாலும், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, வீடு வாங்க முடியுமா, பிள்ளைகள் வீட்டில் இடமிருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். 80,000 வெள்ளி சேமிப்பும், நாலறை வீட்டில் வாழும் மகனும் இருக்கும்போது உங்கள் பெயர் வரிசையில் பின்னால்தான் போகும். உள்ளபடியே இக்கட்டான நிலையில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தனியாகப் பார்ப்பார்கள் என்பதும் உண்மைதான். தோழி அதனால்தான் அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்கிறார்.

அதைச் சொல்லாதீர்கள், அம்மா. அதிகாரி மகனைக் கூப்பிட்டுப் பேசுவார். அண்டை வீட்டாரிடமும் விசாரிக்கலாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பின்னாளில் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் தடை வரலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. “என் அம்மா நான் துரத்திவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்று உங்கள் மகன் ஓர் அதிகாரியின் வாயால் கேட்டால், அடுத்த தீபாவளிக்கு நீங்கள் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவீர்கள்? பேரப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பீர்கள்? இல்லாத பகையை நாமே எழுத்தில் உண்டாக்கக் கூடாது.

சித்தி மகள் பெயரை மட்டும் கொடுக்கும் யோசனையும் இதே ரகம்தான். தனியாட்கள் இருவர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் இருவரும் குடியிருக்க வேண்டும். ஒருவர் பெயருக்கு மட்டும் இருப்பது தெரிந்தால் வாடகை ஒப்பந்தம் ரத்தாகும். பெட்டியோடு மறுபடியும் தெருவில் நிற்கப்போவது நீங்கள்தான், அவரல்ல. கூட்டாளி இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்று நினைப்பதும் பழைய கதை. 2021 டிசம்பரில் தொடங்கிய ஒரு முன்னோடித் திட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட தனியாட்கள் தனியாகவே எழுதிப் போடலாம். அந்த வீடுகளை நடத்தும் சமூக சேவை அமைப்பு பழக்கவழக்கம் பார்த்து ஆளைச் சேர்த்து வைக்கும். சண்டை வந்தால் நடுவில் நின்று பேசும்.

வாடகைக் கணக்கையும் சரிசெய்துகொள்ளுங்கள். தோழி கட்டும் 33 வெள்ளி, முன்பு மானிய வீடே வாங்காத, மாதம் 800 வெள்ளியும் அதற்குக் குறைவும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு ஓரறை வீட்டுக்கான வாடகை. நீங்கள் ஏற்கெனவே மானிய வீடு வாங்கி விற்றவர். வருமானமும் 800க்கு மேல். உங்கள் கணக்குக்கு ஓரறை வீட்டு வாடகை 150 முதல் 165 வெள்ளி வரை வரும். நகர மன்றத்துக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணம் தனி. தண்ணீர், மின்சாரம் தனி. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. புதுப்பிக்கும்போதெல்லாம் வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள்.

அப்புறம், அங்கே வாழ்வது எப்படியிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஓரறை வீடுகளில் இரண்டு பேர் ஒரே குளிர்பதனப் பெட்டியை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்து வைத்திருப்பார்கள். சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு அரிசி டப்பா. ஒருவருக்கு மின்விசிறி சுற்றாமல் தூக்கம் வராது. மற்றவருக்கு அந்தக் காற்றில் முழங்கால் வலிக்கும். நாலரை மணிக்கு நீங்கள் விளக்கைப் போட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் எழுந்துவிடுவார். இரண்டு அந்நியர்கள் அக்கா தங்கையாக மாறி, ஒருவர் மருத்துவமனையில் இருக்க மற்றவர் கஞ்சி எடுத்துக்கொண்டு போனதையும் கண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களையும் கண்டிருக்கிறேன். வேறு வழியில்லாதவர்களுக்கு இது பெரிய புகலிடம். வாடகை வீட்டில் இருப்பது கேவலம் என்று கோவிலில் யாராவது பேசினால் அவர்கள் பேச்சை நான் மதிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது சாத்திக்கொள்ள ஒரு கதவு. அது இந்த ஏற்பாட்டில் முழுசாகக் கிடைக்காது.

ஈரறை வீட்டைப் பாருங்கள்

55 வயதைத் தாண்டியவர்கள், வீவகவின் ஈரறை ஃபிளெக்சி வீட்டைக் குறுகிய காலக் குத்தகையில் வாங்கலாம். தனியாளாகவும் வாங்கலாம். 99 ஆண்டுக் குத்தகைக்குப் பதில் 15 முதல் 45 ஆண்டுகள் வரை, ஐந்தைந்து ஆண்டுக் கணக்கில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரே நிபந்தனை, உங்களுக்குக் குறைந்தது 95 வயது ஆகும்வரை குத்தகை இருக்க வேண்டும். 66 வயதுக்காரர் என்றால் 30 ஆண்டுகள் எடுத்தாக வேண்டும். பணம் இடம் கொடுத்தால் 35 ஆண்டுகள் எடுங்கள் என்பேன். உங்கள் அம்மா 91 வயதுவரை இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே.

ஆண்டு குறையக் குறைய விலையும் குறையும். பேட்டையைப் பொறுத்தும் மாறும். இந்த வீட்டுக்குக் கடன் தர மாட்டார்கள். ரொக்கமும் சேமநிதிப் பணமும்தான். அதனால்தான் உங்கள் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. சேமநிதியின் சாதாரணக் கணக்கில் இருக்கும் பணத்தை இந்த வீட்டுக்கு எடுக்கலாம். “சேமநிதியைத் தொடவே கூடாது” என்று மகன் சொல்வது முழுச் சரியில்லை. சேமநிதி சேவை நிலையத்துக்கு அடையாள அட்டையோடு நீங்களே போய் இருப்பைக் கேளுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். மகன்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. உங்கள் சேமநிதி, வரி, மருத்துவம், வீட்டு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வீடு சிறியதுதான்: சுமார் 36 அல்லது 46 சதுர மீட்டர். ஆனால் ஒரு படுக்கையறை, அதற்கொரு கதவு, தனிச் சமையலறை, தனிக் குளியலறை. கேட்டால் குளியலறையில் கைப்பிடிக் கம்பி, அடுக்களை அலமாரி, அடுப்பு எல்லாம் பொருத்தியே தருவார்கள். அந்த வேலைகளுக்காக யாரையும் தேடி அலைய வேண்டாம்.

இதில் இழப்பும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்த வீட்டை வெளியில் விற்க முடியாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. வேண்டாம் என்றால் கழகத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். மீதமிருக்கும் குத்தகையின் மதிப்பைத் திருப்பித் தருவார்கள். பேரப் பிள்ளைகளுக்குச் சொத்தாக நிற்காது. உங்கள் தலைமுறைக்கு இது மனசுக்கு ஒப்பாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மகனுக்கு 90,000 வெள்ளி ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. மிச்சம் இருப்பது உங்களுக்கு.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமூகப் பராமரிப்பு வீடுகள் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. முதல் தொகுதி 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. 24 மணி நேர அவசர உதவி, அடிப்படை உடல்நலச் சோதனை, குடியிருப்பாளர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சமூக மேலாளர் ஆகிய சேவைகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். நீங்கள் இன்னும் விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர். இப்போதே அந்தக் கட்டணம் தேவையா என்று யோசியுங்கள். முழங்கால், சர்க்கரை என்று எழுதியிருப்பதால் ஒதுக்கவும் சொல்ல மாட்டேன்.

எதற்கும் முதல் படி ஒன்றுதான்: வீவகவிடம் வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிப்பது. நீங்கள் எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்பது அதில் எழுத்தில் வந்துவிடும். இணையத்தில் செய்யத் தெரியாவிட்டால் தோ பாயோவில் உள்ள தலைமையகத்துக்கோ, வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கோ போகலாம். முன்பு மானிய வீடு வாங்கியதால் கூடுதலாக ஏதும் கட்ட வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். புதிதாகக் கட்டும் வீடு என்றால் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். விற்காமல் மீதமிருக்கும் வீடுகளை விற்கும்போது எடுத்தால் சீக்கிரம் குடிபோகலாம். ஈரறை ஃபிளெக்சி வீடுகளில் குறைந்தது 40 விழுக்காடு மூத்தோருக்கென்றே ஒதுக்கப்படுகிறது. பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கினால் முன்னுரிமையும் உண்டு. உட்லண்ட்ஸை விட்டு நீங்கள் வெகுதூரம் போகத் தேவைப்படாமலும் இருக்கலாம்.

மகனிடம் பேசுவது

வழக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்பதற்கானது. அதிலும் நேரே நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது; முதலில் சமரசப் பேச்சு நடக்க வேண்டும். உங்களுக்கு வேலை இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, சாப்பாடு போடும் மகன் இருக்கிறார். உங்கள் பிரச்சினைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கொடுத்த 90,000 வெள்ளியும், கடன் என்று எழுதி வாங்காததால், அன்பளிப்பாகவே பார்க்கப்படும். அதைத் திருப்பிக் கேட்கும் எண்ணத்தில் போகாதீர்கள்.

ஆனால் இருக்கும் 80,000 வெள்ளியில் ஒரு காசுகூட இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். கார், தொழில், பேரன் டியூஷன், எதற்காகவும் வேண்டாம். கேட்டால், “அது என் வீட்டுக்குன்னு வச்சிருக்கேன்” என்று சொல்லுங்கள். அந்தப் பணம் போனால் மேலே சொன்ன வழியும் அடைபட்டுவிடும்.

இன்னொன்று கேட்கட்டுமா? கடிதம் முழுக்கத் தேடினேன். ஓர் அறை வேண்டும் என்று மகனிடமோ மருமகளிடமோ நீங்கள் கேட்டதாக எங்கும் இல்லை. அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். பேத்திக்குத் தனி அறை, பேரனுக்குத் தனி அறை. பேத்தியின் அறையில் இன்னொரு கட்டில் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பெண் முதலில் முகம் சுளிக்கலாம், அதற்காகப் பின்வாங்க வேண்டாம். அதுவும் முடியாதென்றால், பத்து மணிக்குமேல் ஹாலில் தொலைக்காட்சி வேண்டாம், ஒரு மடக்குத் தடுப்பும் பூட்டுள்ள ஓர் அலமாரியும் வேண்டும் என்று கேளுங்கள். புது வீடு கைக்கு வரும்வரை இந்த ஹாலில்தான் உங்கள் இரவுகள் கழியப்போகின்றன. வெளியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தால் உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

சண்டை முற்றிய நேரத்தில் இதைப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வெளியே போன நேரத்தில், மகனையும் மருமகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். மகனிடம் தனியாகச் சொன்னால் அது மருமகள் காதுக்கு வேறு மாதிரிப் போகும். “உங்கமேல கோபம் இல்ல. எனக்குத் தூக்கம் வேணும். எனக்குன்னு சின்னதா ஒரு வீடு பாக்கப்போறேன், நீங்க கூட வந்து உதவி பண்ணுங்க” என்றால் போதும். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கோ போங்கள். தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துப் பேச அங்கே ஆள் இருக்கிறார்கள்.

கிளைக்குப் போகும் நாளில் அடையாள அட்டை, கணவரின் மரணச் சான்றிதழ், பழைய வீட்டை விற்ற கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, சேமநிதி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மகன் மானியம் வாங்கினாரா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். வீட்டைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்.